சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் யார் இருப்பது?

மகன் வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம். அவன் படிக்கிற அரசுத் தொடக்கப் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும், எங்கேயாவது மாற்றித்தான் ஆக வேண்டும். கிறிஸ்துமஸ் லீவில் தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. மார்த்தாண்டத்தில் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்து வேனில் அனுப்பலாம் என்கிறார் மாமனார். மகள் ஒன்பதாவது படிக்கிற உதவிபெறும் பள்ளியிலேயே இவனையும் சேர்த்தால் அக்காவும் தம்பியும் சேர்ந்து போய் வருவார்களே என்கிறாள் என் அம்மா. ஒன்றரை கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, அங்கே சேர்த்துவிட்டு மிச்சமாகிற காசில் நல்ல டியூஷன் வைக்கலாம் என்பது வீட்டுக்காரரின் எண்ணம். எல்லோரும் ஃபீஸ் எவ்வளவு, ரிசல்ட் எப்படி, இங்கிலீஷ் பேசுவானா என்றுதான் கேட்கிறார்கள். பள்ளி விட்டு வருகிற நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இப்போது அதுதான் முதல் கேள்வி. எப்படி இந்த இடத்துக்கு வந்தேன் என்று எழுதுகிறேன், இதே யோசனையில் இருக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் எங்கள் நேரக் கணக்கு. நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் நிற்க வேண்டும், இரவு எட்டுக்கு விடுவார்கள், பஸ் பிடித்து வீடு வர எட்டே முக்கால், பண்டிகை நாட்களில் பத்துகூட ஆகும். செவ்வாய்க்கிழமை லீவு. வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுகிறார். வெயில் ஏறும் முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும், அதனால் மூன்றரைக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெட்டி முடித்து, சிரட்டையில் நிறைந்த பாலை எடுத்து ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஏற்கெனவே உறைந்ததை மிஷினில் கொடுத்து ஷீட் அடித்துப் போட்டுவிட்டு வீடு திரும்பப் பதினொன்றரை ஆகும். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். ஆக, நான் வீட்டில் இருக்கும்போது அவர் இல்லை, அவர் இருக்கும்போது நான் இல்லை.

இப்போது மகள் விஷயம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று ஒன்று உண்டு, பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் எட்டாவது படிக்கிறவர்கள் எழுதலாம், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருடத்தில் 48,000. போன வருடம் மகளின் வகுப்பில் இதற்காக வருமானச் சான்றிதழ் கேட்டு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். அவள் அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்தாள். நான் வருகிற நேரம் அவள் அரைத்தூக்கத்தில் இருப்பாள், காலையில் சோறு பொங்கி டப்பாவில் அடைத்து அவளுக்குத் தலை பின்னி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், "அம்மா, ஒரு சர்டிபிகேட் வேணும்" என்று. செவ்வாய்க்கிழமை பார்ப்போம் மக்களே என்றேன். செவ்வாய்க்கிழமை இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. அடுத்த செவ்வாய்க்குள் கடைசித் தேதி போய்விட்டது. நான் அந்தச் சீட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் படித்தபோது நாலாக மடிந்து மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது.

எழுதியிருந்தால் தேறியிருப்பாள் என்று சொல்ல வரவில்லை. எழுதுகிற வாய்ப்பே அவளுக்கு இல்லாமல் போனது என்பதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. வகுப்பில் அவளோடு ஒரே பெஞ்சில் இருக்கிற பிள்ளை எழுதினாள், அந்த வீட்டில் பகல் நேரத்தில் ஒரு ஆள் தாலுகா ஆபீசுக்குப் போய் வர முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். இங்கே படிக்க வைக்க மனசில்லாத அப்பா அம்மாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மனசு இருக்கிறது, காசைக்கூடக் குழுவில் கடன் எடுத்தோ நகையை வைத்தோ புரட்டிவிடுவார்கள். நேரத்தைப் புரட்டத்தான் வழி தெரியவில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மார்த்தாண்டம் பள்ளி. வேன் காலை ஏழே காலுக்கு வரும், மாலை ஐந்தே முக்காலுக்குக் கொண்டுவந்து விடும். ஒரு நாளில் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் பிள்ளைக்கு வேனிலேயே போகிறது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பள்ளியில் பிள்ளையைப் போட்டிருக்கிற என் கூட்டுக்காரி சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் வருமாம், சார்ட் ஒட்ட வேண்டும், மாடல் செய்ய வேண்டும், மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவள் வீட்டில் இருப்பதால் ஓடுகிறது. அப்படியானால் ஃபீஸுக்கு மேலே பெற்றோருடைய நேரத்தையும் சேர்த்துத்தான் அங்கே கட்ட வேண்டியிருக்கிறது. நான் காசைக் கட்டினாலும் அந்த இன்னொரு பாதியைக் கட்ட முடியாது, என் போன் பகல் முழுக்கக் கடை லாக்கரில் கிடக்கிறது.

அடுத்தது உதவிபெறும் பள்ளியா, அரசுப் பள்ளியா. நம் மாவட்டத்தில் கிறிஸ்தவ சபைகள் நடத்துகிற உதவிபெறும் பள்ளிகள் ஏராளம், நல்ல பள்ளிகள், நானும் அப்படி ஒன்றில்தான் படித்தேன். ஆனால் ஆறாம் வகுப்பு ஒரு வாசல் மாதிரி, இதில் எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறோம் என்பது பன்னிரண்டாவது முடிக்கும்போது திரும்ப வந்து நிற்கிறது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை மாதிரியான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், உதவிபெறும் பள்ளிக்கு அது கிடையாது. கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளிக்கு மட்டும் என்று தொடங்கி, 2024இல் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே வருடம் இரண்டு வகைப் பள்ளிக்கும் சேர்த்தே வந்தது. இதையெல்லாம் நான் அறிந்துகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து கேட்டதில்தான். அந்த ஒன்றேகால் மணி நேரம் இல்லாத ஒரு அம்மாவுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரியவரும்.

அக்காவும் தம்பியும் ஒரே பள்ளி என்று அம்மா சொன்னதில் ஒரு நல்லது இருக்கிறது, ஒரு ஆபத்தும் இருக்கிறது. "அவ பாத்துக்கிடுவா" என்ற சொல் நம் வீடுகளில் எவ்வளவு எளிதாக வருகிறது! மகள் அடுத்த வருடம் பத்தாவது. பஸ்ஸில் தம்பியைக் கூட்டி வந்து, சாயா போட்டுக் கொடுத்து, அவன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, விளக்குப் பொருத்தி, அரிசி களைந்து வைத்துவிட்டு அவள் புத்தகத்தை எடுக்க எட்டு மணி ஆகும். அப்பா அம்மாவுக்கு இல்லாத நேரத்தை மூத்த பெண் பிள்ளையிடம் இருந்து எடுத்துக்கொள்கிறோம், அதற்கு நாம் பொறுப்பு என்று பெயர் வைக்கிறோம். ஏற்கெனவே ஒரு சீட்டு அவளுக்குப் போய்விட்டது, இன்னொன்றை நான் எடுக்க மாட்டேன்.

டியூஷன். எங்கள் பக்கம் ஐந்து முதல் ஏழரை வரை எல்லாப் பாடமும் சேர்த்து 700 ரூபாய். மொட்டை மாடியில் ஷீட் கூரை, முப்பது பிள்ளைகளுக்கு மேல், ஒரு சார், ஒரு டீச்சர். நான் குறை சொல்லவில்லை, அந்த இரண்டரை மணி நேரம் பிள்ளை பத்திரமாக ஒரு இடத்தில் இருக்கிறான், வீட்டுப்பாடம் முடிந்துவிடுகிறது, பரீட்சைக்கு முன்னால் டெஸ்ட் வைக்கிறார்கள். மகன் நாலாவதில் இருந்து அங்கேதான் போகிறான். நோட்டைத் திறந்தால் எல்லாம் டிக். நானும் அந்த டிக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜனவரியில் ஒரு நாள், டியூஷன் லீவு. எனக்கும் காய்ச்சல், கடைக்குப் போகவில்லை, உள்ளே படுத்திருந்தேன். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து வெட்டுக்கூலி கணக்கு எழுதுகிறார். மரத்துக்கு இரண்டேகால் ரூபாய், அன்றைக்கு 320 மரம். மகனைக் கூப்பிட்டு, "மக்கா, இத பெருக்கிச் சொல்லு" என்றார். அவன் நோட்டில் 2.25 என்று எழுதி, கோடு போட்டு, நீளமாகப் பெருக்கி, "எழுபத்திரண்டாயிரம்பா" என்றான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்து சில்லறையை எடுத்துத் திண்ணையில் வைத்தார். ஒரு மரத்துக்கு இரண்டு ரூபாய், அதற்கு மேலே கால். நாலு மரம் வெட்டினால் நாலு கால் சேர்ந்து ஒரு ரூபாய், அப்போ நாலு மரத்துக்கு ஒன்பது ரூபாய். 320இல் எத்தனை நாலு இருக்கு? பையன் விரல் விட்டு யோசித்து எண்பது என்றான். எண்பது ஒன்பது? எழுநூற்றிருபது. சொல்லிவிட்டுத் தான் எழுதிய எழுபத்திரண்டாயிரத்தைப் பார்த்தான், பென்சிலை எடுத்தான், அழிக்கவில்லை, புள்ளி எங்கே போனது என்று தேடத் தொடங்கினான். டிக் போட்ட அத்தனை கணக்கும் போர்டைப் பார்த்து எழுதினது என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் எட்டாவது வரைதான் படித்தவர். "எனக்கு என்ன தெரியும், நான் என்ன சொல்லிக் கொடுக்க" என்று இத்தனை வருடமாக ஒதுங்கியே இருந்தார், நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். மத்தியானம் இரண்டு மணி முதல் இரவு வரை வீட்டில் இருக்கிற ஒரு ஆளை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. படிப்பு என்றால் அம்மா, அம்மாவுக்கு நேரம் இல்லையென்றால் டியூஷன், அப்பாவுக்கு வேலை மட்டும்தான் என்று யார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அல்ஜீப்ரா அவரால் முடியாது. ஆனால் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்கிற வேலைக்கு அல்ஜீப்ரா தேவையில்லை, பக்கத்தில் அவசரமில்லாமல் உட்காருகிற ஒரு ஆள் போதும். முப்பது பிள்ளையை வைத்துக்கொண்டு டியூஷன் சார் அதைச் செய்ய முடியாது, எட்டே முக்காலுக்கு வருகிற நானும் செய்ய முடியாது.

நான் வேலையை மாற்றுவதையும் கணக்குப் போட்டோம். திருவட்டாரில் ஒரு மருந்துக்கடையில் ஆள் கேட்டார்கள், ஒன்பது முதல் ஐந்து, 8,000 ரூபாய். இப்போது வாங்குவது 11,500. மாதம் 3,500 குறையும், இரண்டு பிள்ளைக்கு டியூஷனை நிறுத்தினால்கூட அது சரிக்கட்டாது, மாமனாருக்கு மருந்து, குழுக் கடன் தவணை எல்லாம் இருக்கிறது. 2021இல் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, கால்வலிக்கு அது பெரிய உதவி. வீடு வருகிற நேரத்துக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருக்காது. வீட்டில் வேறு ஆளே இல்லாதவர்கள் 3,500 குறைந்தாலும் அந்த வேலைக்குப் போவதுதான் சரி என்பேன், எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது.

ஹாஸ்டலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அம்மா அப்பா இரண்டு பேரும் வெளியூரில் என்றால் வேறு வழியில்லை. பத்து வயதுப் பையனை, அப்பா வீட்டில் இருக்கும்போது, ஹாஸ்டலில் விட எனக்கு மனசு வரவில்லை.

மற்ற வீடுகளையும் விசாரித்தேன், அதில்தான் ஒன்று புரிந்தது. எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைவிட எந்த நேரம் இருக்கிறது என்பது முக்கியம், அது தொழிலுக்குத் தொழில் மாறுகிறது. என்கூட வேலை பார்க்கிற அக்கா வள்ளவிளைக்காரி, அவள் வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் போகிறவர், கொச்சியில் இருந்து கடலுக்குப் போனால் முப்பது நாள், நாற்பது நாள். ஆனால் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் ஆள் வீட்டில். பள்ளி திறக்கிற நேரமும் அதுதான். சேர்க்கை, சான்றிதழ், பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசுவது எல்லாவற்றையும் அவர் ஆகஸ்ட்டுக்குள் முடித்துவைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார், கையில் காசு இல்லாத மாதம் என்றாலும் நேரம் உள்ள மாதம். என் அண்ணன் துபாயில். அங்கே ஆறு மணி என்றால் இங்கே ஏழரை, வேலை விட்டு ரூமுக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிட்டு மகளை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார், திருத்துவதுகூட இல்லை, கேட்கிறார், அந்தப் பிள்ளை இப்போது தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள். கஷ்டம் நாத்தனாருக்குத்தான். அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், தோல் உரிக்கிறாள், கிலோ கணக்கில் கூலி, பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் போய் நின்றால் அந்த ஒரு மணி நேரக் கூலி அப்படியே போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, நல்ல சட்டம். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் என்றால் அவளைப் போன்றவர்கள் எப்படி வருவார்கள்? சாயங்காலம் ஆறுக்கு மேல் வையுங்கள் என்று பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டும்.

அரசு நேரத்தைக் கொடுக்கவும் செய்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் பிள்ளை வயிற்றுக்கு என்ன செய்தது என்று எல்லோரும் பேசுகிறார்கள், எனக்குத் தினமும் காலையில் அரை மணி நேரம் கொடுத்தது. மகன் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிடுவான் என்பதால் அந்த அரை மணி நேரத்தில் அவனை வாசிக்க வைத்தேன். ஆறாவதில் அது இல்லை, ஜூன் முதல் அந்த அரை மணி நேரம் என் கையை விட்டுப் போகும்.

இதையெல்லாம் வைத்து நாங்கள் எடுத்த முடிவு இது. ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி. நாலரைக்கு அவன் வீட்டில் இருப்பான், அப்பாவும் இருப்பார். ஐந்து முதல் ஆறரை வரை திண்ணையில் அவர் பக்கத்தில் இருந்து வாசிப்பும் கணக்கும். தினசரி டியூஷனை நிறுத்திவிட்டுக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் மட்டும் சனி, ஞாயிறு இரண்டு மணி நேரம், அதில் மிச்சமாகிற காசு மகளின் பத்தாம் வகுப்புக்கு. சர்டிபிகேட், பள்ளிக் கூட்டம், பேங்க் எல்லாம் இனி அவர் பொறுப்பு, பகலில் ஆபீஸ் திறந்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்கிற ஆள் எங்கள் வீட்டில் அவர்தான். காலையில் முதல் நாள் ராத்திரியே காய் நறுக்கி வைத்து இருபது நிமிடத்தையாவது நான் மீட்கப் பார்க்கிறேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கிற சமயம் வெட்டை நிறுத்துவார்கள், அப்போது அவர் கொத்தனாருக்குக் கையாளாகப் போவார், வீடு வர ஆறரை ஆகும், அதுவும் சரியாகப் பரீட்சை சமயத்தில். பால் நன்றாக வருகிற அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 1,500 எடுத்து வைத்தால் மார்ச் மாதம் பாதி நாளாவது அவர் கையாள் வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்று பேசியிருக்கிறோம். மகள் பத்தாவது எழுதுகிற மார்ச் அது, அதற்குத்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

போன வாரம் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. இ-சேவையில் பதிவு செய்தால் ஓ.டி.பி. வரும், அது இத்தனை நாள் என் நம்பருக்கு வந்து கடை லாக்கருக்குள் கிடந்தது. இந்த முறை முதல் வேலையாக அவர் தன் நம்பருக்கு மாற்றிக்கொண்டார். மத்தியானம் இரண்டரைக்கு ஓ.டி.பி. வந்ததாம், சொல்லி முடித்துவிட்டு, மகள் சொன்னபடி, வருமானச் சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.